நிலாவுக்கு எது தலை

செல்லசாமி: அசையாமப் புடி புள்ள. கை ஆடினா சுவத்துல படம் விழாது.

மீனம்மா: ஆறு நாளு தேயில பெக்டரி மெசின நோண்டுறது போதாதா? ஞாயித்துக்கெழம பொண்டாட்டிய மூக்குக்கண்ணாடி வில்லயப் புடிச்சிக்கிட்டு நிக்க... அட, சுவத்துல பாருங்க. நம்ம பெக்டரி. தலைகீழா!

செல்லசாமி: அப்பிடித்தான் விழும். வில்லைக்கும் சுவருக்கும் அளந்தியா?

மீனம்மா: மூணேகால் அடி.

செல்லசாமி: பள்ளிக்கூடத்து குகநேசன் மாஸ்டர் சொன்ன கணக்குத்தான். பெரிய குழாய் அந்த நீளம். முன்னாடி இந்த வில்ல. பின்னாடி, நீ தலவாக்கல டவுனு பழைய சாமான் கடையில பொறுக்கிட்டு வந்தியே, அந்தத் தடிச்ச வில்ல.

மீனம்மா: ம்... அது என்ன செய்யும்?

செல்லசாமி: இப்ப சுவத்துல விழுந்த படம் குழாய்க்குள்ள விழும். தடிச்ச வில்ல அதப் பெருசாக்கும். பத்து மடங்கு. கலண்டரச் சுருட்டின இந்தச் சின்னக் குழாய முன்ன பின்ன இழுத்தா படம் தெளியும். உள்ள கரி பூசினியா?

மீனம்மா: பூசியாச்சு, எம் மூஞ்சிலயும். கரி எதுக்கு?

செல்லசாமி: உள்ள வெளிச்சம் தெறிச்சா படம் வெளுத்துரும்.

மீனம்மா: பத்து மணிக்குள்ள முடிங்க. இத வச்சு எதப் பாக்கப் போறீங்க?

செல்லசாமி: நெலாவ.

மீனம்மா: எதிர் மலையில ஒங்க அண்ணன் தண்ணிக் கானுக்குள்ள விழுந்து ரெண்டு வாரமாச்சு. எந்திரிச்சு நடக்குறாரான்னு போய்ப் பாக்க மாட்டீங்க. நெலாவப் பாக்கப் போறீங்க...

செல்லசாமி: அந்தாளு தொழிற்சங்கம் மாறின அன்னைக்கே பேச்சு முடிஞ்சிருச்சு. அவரு வாசல மிதிக்க மாட்டேன்.

மீனம்மா: நாலு வருசமா இதே...

செல்லசாமி: தள்ளு. ஜன்னல்ல வைக்கணும்.

மீனம்மா: பட்டப்பகல்ல நெலா எங்கங்க?

செல்லசாமி: சும்மா சரி பாக்குறேன்... மங்கல். சின்னக் குழாய இழு... இன்னும் கொஞ்சம்... நிறுத்து.

மீனம்மா: என்ன தெரியுது?

செல்லசாமி: ஒரு லயத்து வீட்டு வரிசை. கூரை கீழ, வாசல் மேல. துணியெல்லாம் வானத்தப் பாத்துத் தொங்குது.

மீனம்மா: எந்த லயம்?

செல்லசாமி: ஏதோ ஒண்ணு. சே... இத நிமித்த இன்னொரு வில்ல வேணும்.

மீனம்மா: நெலாவுக்கு எதுங்க தலை, எது காலு? தலைகீழாத் தெரிஞ்சா என்ன கெட்டுப்போகுது?

செல்லசாமி: இரு புள்ள, குழாய அசைக்காத.

மீனம்மா: சொல்லுங்க.

செல்லசாமி: பீலித் தண்ணிக்கு ஒரு ஆளு வாறாரு, குளிக்க. கம்பு ஊனி... நொண்டுறாரா, கல்லுப் பாத்து கால் வைக்கிறாரான்னு தெரியல புள்ள. தலைகீழாப் பாத்தா நடை புடிபட மாட்டேங்குது.

மீனம்மா: தோள்ல செவப்புத் துண்டா?

செல்லசாமி: ஆமா. அவருதான்... எந்திரிச்சிட்டாரு. நல்லாத்தான் நடக்குறாரு... என்னா இது, நின்னு இங்கிட்டே பாக்குறாரு?

மீனம்மா: பாப்பாரு.

செல்லசாமி: இங்க ஒரு குழாய் இருக்குறது அவருக்கு எப்பிடித் தெரியும்? நீ அந்தப் பழைய சாமான் கடையில...

மீனம்மா: கடையும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. கண் ஆப்பரேசனுக்குப் பொறகு அவருக்குக் குடுத்த கண்ணாடி, விழுந்ததுல ஒரு பக்கம் ஒடஞ்சு போச்சு. அவருக்குப் புதுசு வந்திருச்சு. சோறு கொண்டுபோனப்ப ஒங்க குழாயப் பத்திச் சொன்னேன்; மிச்சமிருந்த தடிச்ச வில்லயக் கழட்டி ஏங் கையில குடுத்தாரு. "தம்பிக்கிட்ட குடு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு பீலிக்கு வாறேன், பாத்துக்கிறட்டும்"னாரு.