வை.பி.க்கு வழி விடுவோம்

தம் நாசி கண்டார் சோற்றுக்கடையைப் போலவே இந்தக் கூட்டத்தையும் கட்டி ஆளும் தலைவர் பஷீர் அண்ணன் அவர்களே! கண்டித்து வளர்த்து, கண்ணீரைக் காட்டாமல் காத்த தாய்மார்களே! மண்டபத்தின் மின்விசிறிகளுக்கு நேர்கீழே இடம்பிடித்த, தொலைநோக்குள்ள பெரியோர்களே! விசிறி கிடைக்காத இளையோரே! பாராட்டுவதற்காகப் பிடித்து உட்கார வைக்கப்பட்டிருக்கும் நாம் மரியாதையாக வை.பி. என்று அழைக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினர், ஜோவான் இராயப்பன் அவர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

வை.பி.யின் கொள்ளுத்தாத்தா கப்பலில் மலாயா வந்து, இந்தப் பிறை ஊரில் தண்டவாளம் போட்டார். தாத்தா அதில் ஓடிய வண்டிக்குக் கொடி காட்டினார். அப்பா பள்ளியில் பாடம் நடத்தினார். மகள் நாடாளுமன்றம் போனார். தரையில் குனிந்த குடும்பம் நான்காம் தலைமுறையில் அவையில் நிமிர்ந்து நிற்கிறது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் அமரும் அந்த அவையில் நம்மவர் சிலரே. அந்தச் சிலரில் ஒருவரை நாம் எதற்காக அனுப்பினோம்? நாற்காலியை நிரப்பவா? நாளிதழில் சிரிக்கவா? நம் குறையை நாட்டுக்கு எடுத்துச் சொல்லத்தானே? அப்படி அனுப்பிவிட்டு என்ன செய்தோம்? காதுகுத்துக்குக் கூப்பிட்டோம்.

கூப்பிட்டது யார் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நான்தான் ஐயா.

ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை, என் பேத்திக்குக் காதுகுத்து. வை.பி.யின் உதவியாளர் டெரிக், அன்று காலை நாடாளுமன்றத்தில் அவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது என்று பணிவாகச் சொன்னார்.

"அன்னைக்கு லீவுலா தம்பி. பார்லிமென்ட் எப்படி இருக்கும்?" என்றேன்.

"அது நம்ம பினாங்கு மாநிலத்துக்கு மட்டும் லீவுண்ணே. தலைநகர் கே.எல்.ல வேலை நாள்."

பினாங்கு மூடினால் உலகமே மூடிவிடும் என்று நம்பி வளர்ந்தவன் நான். ஆகவே, என் வீட்டில் பதினோரு ஓட்டு இருப்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

வை.பி. காலை ஆறு மணிக்கே வந்தார். எட்டு மணி விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டம். வாழ்த்தினார், கிளம்பினார். விட்டோமா? பொன்னாடை போர்த்தினோம். படம் எடுத்தோம். மாமன் வீட்டாரோடு ஒரு படம், அத்தை வீட்டாரோடு ஒரு படம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளோடு தனித்தனியாக இரண்டு படம். சிரிக்கிறீர்களே, அவற்றில் நீங்களும் இருக்கிறீர்கள். விமானம் மட்டும் படத்துக்கு நிற்காமல் போய்விட்டது.

அந்தக் கேள்வி யாருக்காக? அதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் நல்லமுத்துவுக்காக. பிறையில் பிறந்தவர், பிறைத் தொழிற்சாலையில் உழைத்தவர். பெற்றோர் பிறப்பைப் பதியாமல் விட்டதால், அறுபத்தொரு வயதிலும் கையில் குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. பிறந்த ஊரிலேயே நிரந்தர விருந்தாளி. குடியுரிமை கேட்டு நான்கு முறை மனுப் போட்டவர். இவரைப் போன்றவர்களின் மனுக்கள் எங்கே தூங்குகின்றன என்பதுதான் வை.பி. கேட்க வேண்டிய கேள்வி.

அன்று நல்லமுத்துவும் என் வீட்டில்தான் இருந்தார். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே கைபேசியில் அவை நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார். கோபம் இல்லை, குரலும் உயரவில்லை.

"கேள்வி வந்துச்சுண்ணே. உறுப்பினர் அவையில இல்லைன்னு சொல்லி அடுத்ததுக்குப் போயிட்டாங்க. இங்கதான் இருக்காங்கன்னு அங்க எப்படிண்ணே சொல்றது?"

சபையோரே, என் வீட்டில் பதினோரு ஓட்டு. நல்லமுத்துவுக்கு ஓட்டே இல்லை. அன்று பதினொன்று வென்றது. ஓட்டு உள்ளவன் வாசலில் நிற்க ஆயிரம் பேர் வருவார்கள். ஓட்டே இல்லாதவனுக்காக அவையில் நிற்க யார் வருவார்? அதற்கென்று நாம் அனுப்பிய ஒருவரை, அன்பு என்ற பெயரில், அன்று கட்டிப்போட்டவன் நான்.

அந்தக் கேள்வி நாளை காலை மீண்டும் வருகிறது. இப்போது ஞாயிறு மாலை மணி நான்கு. ஆறு மணிக்கு விமானம். தலைவர் கையிலுள்ள பட்டியலில் இன்னும் ஒன்பது பேச்சாளர்கள். மேசையில் பதினான்கு பொன்னாடைகள். பஷீர் அண்ணன் முறைக்கிறார். முறையுங்கள் அண்ணே, என் பேச்சோடு அந்தப் பட்டியலை மடித்துவிடுங்கள்.

வை.பி., எழுந்திருங்கள். டெரிக் தம்பி, காரை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். தாய்மார்களே, நடைபாதையிலிருந்து நாற்காலிகளை நகர்த்துங்கள். கைபேசிகள் பைக்குள்ளேயே இருக்கட்டும். யாரும் இப்போது கைதட்ட வேண்டாம். தட்டினால் இவர் நின்று, திரும்பி, ஒவ்வொருவரையும் கும்பிடுவார். வளர்ப்பு அப்படி. கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு, கை சிவக்கத் தட்டுவோம்.

வழி விடுகிறவர்களுக்கு என் நன்றி. போகிறவருக்கு நம் எல்லோருடைய வணக்கம்.