பயிற்சிப் புத்தகங்களில் நான் போட்ட கையெழுத்துகள் குறித்து

என் பெயர் வெலாபி ம்பாத்தா. த/பெ எலியாஸ் ம்பாத்தா. வயது 47. தென்னாப்பிரிக்காவின் நியூகாசில் நகரை அடுத்த மடடேனியில், நான்காம் பிரிவில் மனைவியுடன் குடியிருக்கிறேன். இரும்புத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வெல்டராக இருக்கிறேன். கடைசி ஒரு வருடமாகப் பயிற்சி மேற்பார்வையாளர் என்ற பொறுப்பும் உண்டு. நான் சொல்வது எனக்கு எதிராகவும் பயன்படலாம் என்று பதிவு செய்யும் போலீஸ் அதிகாரி எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி தான் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைப் பயிற்சி வரியாக மாதாமாதம் அரசுக்குக் கட்டுகிறது. தொழிலாளி கூலியில் இதைப் பிடிப்பதில்லை. முதலாளி கைக்காசு. அது எங்கள் தொழிலுக்கான பயிற்சி ஆணையத்துக்குப் போகும். ஆள் எடுத்துத் தொழில் கற்றுத்தரும் கம்பெனிக்கு, தலைக்கு இவ்வளவு என்று மானியமாகத் திரும்பி வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சிப் புத்தகம் உண்டு. அதில் வாராவாரம் கற்றுக்கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் மானியம் இல்லை.

சென்ற வருடம் பிப்ரவரியில் மேனேஜர் ஸ்ட்ரைடம் பன்னிரண்டு பெண்களைப் பயிற்சிக்கு என்று சேர்த்தார். அவர்களை முற்றம் கூட்டவும், துருச் சுரண்டவும், லாரியில் தகடு ஏற்றவும் விட்டார். அதன் பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, பன்னிரண்டு புத்தகங்களையும் என் முன் வைத்தார். "இவங்களுக்கு ஒண்ணுமே சொல்லித்தரலையே பாஸ்" என்றேன். "வரி கட்டறது நாம. நம்ம காசை நாம திரும்ப எடுக்கறோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். நான் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போட்டேன். என்ன கற்றார்கள் என்பதையும் நானே எழுதினேன். தொழில் தெரிந்தவன் எழுதினால்தான் நம்பும்படி இருக்கும் என்று மேனேஜர் சொன்னார்.

பன்னிரண்டு பேரில் ஒருவர் நோமுசா ஹாடெபே. வயது 36. இரண்டு பிள்ளைகளின் தாய். ஒருநாள் தகடு ஏற்றும்போது என்னிடம், "அண்ணே, மொத வருஷம் கூட்டிப் பெருக்கறது, ரெண்டாவது வருஷந்தான் நெருப்பு வேலை, அப்படித்தானே?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு ஆணையத்திலிருந்து ரெஃபில்வே மோலோய் என்ற பெண் அதிகாரி பரிசோதனைக்கு வந்தார். முந்தின நாள்தான் மேனேஜர் பன்னிரண்டு பேருக்கும் நீலச் சீருடை வாங்கிக் கொடுத்திருந்தார். மடிப்புக் கலையாமல் அதைப் போட்டுக்கொண்டு பட்டறையில் வரிசையாக நின்றார்கள். அதிகாரி ஒரு புத்தகத்தைப் புரட்டி, "நோமுசா யாரும்மா? கேஸ் கட்டிங் பதினாலு வாரம் முடிச்சிருக்கீங்க. தகடு வெட்டற டார்ச்சைப் பத்த வச்சுக் காட்டுங்க" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நோமுசாவுக்கு இன்னும் நெருப்பு வேலை வரவில்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நாங்கள் செய்வதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அந்த நினைப்பில் அசிட்டிலின், ஆக்சிஜன் சிலிண்டர்களிடம் போய் இரண்டு வால்வையும் முழுக்கத் திறந்தார். ஹோஸ் இணைப்பில் கேஸ் கசியும் சத்தம் எனக்குக் கேட்டது. "நோமுசா, வேண்டாம், விடு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் பொறி தட்டிவிட்டார். தீ இணைப்பில் பிடித்து அவருடைய வலது கைச் சட்டையில் ஏறியது. நான் வால்வுகளை மூடிவிட்டு, என் தோல் அங்கியை அவர் கைமேல் போட்டு அமுக்கினேன். அவர் அலறவில்லை. "தப்பாப் பண்ணிட்டேனா அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அதிகாரி புத்தகத்தை என் முன் நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர், "ஆபீஸ்ல யாரோ இவர் பேரைப் போட்டிருக்கலாம் மேடம். பாவம், இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அவர் எனக்கு வழி விடுகிறார் என்று புரிந்தது. பதினொரு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"என் கையெழுத்துதாம்மா. பன்னெண்டு புத்தகத்துலயும் என்னுதுதான். இவங்களுக்கு நான் ஒரு நாள்கூட சொல்லித்தரலை" என்றேன். மேனேஜர் என் இனம், என் தாய் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினார். அந்த வார்த்தைகளை இங்கே பதிய விரும்பவில்லை.

அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன் பிறகு ஆணையம் எங்கள் கம்பெனிக்கு மானியத்தை நிறுத்திவிட்டு, அதே வரிப் பணத்தில் பதினொரு பெண்களையும் பக்கத்து ஊரான டண்டீயில் வேறொரு பட்டறையில் முறையாகப் பயிற்சிக்குச் சேர்த்தது. நோமுசாவுக்கும் அங்கே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். கை ஆற மூன்று மாதம் ஆகும், சுண்டுவிரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர், "அந்தப் பதினாலு வாரத்துல நான் என்னென்ன கத்துக்கிட்டதா எழுதினே?" என்று கேட்டார். நான் சொன்னேன். முதலில் சோப்புத் தண்ணீர் தடவி எல்லா இணைப்பிலும் கசிவு பார்ப்பது, அசிட்டிலினைக் கொஞ்சமாகத் திறந்து பற்றவைப்பது, பிறகு ஆக்சிஜனை விடுவது, தீயின் நிறம் பார்த்து அளவு தெரிவது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "மொதல்லேருந்து இன்னொரு தடவை, மெதுவா சொல்லு" என்றார்.

இதைப் போலீஸ் அதிகாரி எனக்கு ஜுலு மொழியில் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வெலாபி ம்பாத்தா