கக்கத்தில் முப்பத்தேழு டிகிரி

மாளவிகா: கையை இறக்காதேடீ.

லிபி: மரத்துப் போச்சு.

மாளவிகா: மரக்கட்டும். கக்கத்தில இருக்கிற ட்யூப் கீழே விழுந்தா உன் பிஎச்டியும் சேர்ந்து விழும்.

லிபி: கரண்ட் இன்னும் வரலியா?

மாளவிகா: நம்ம டெக்னீஷியன் பிஜு சேட்டன் போன் பண்ணிக் கேட்டார். இப்ப வரும்னாங்களாம்.

லிபி: அப்ப சாயங்காலம்தான்.

மாளவிகா: மைக்ராஸ்கோப்புக்கு யுபிஎஸ் இருக்கில்லே, அது மதி, போதும். இன்குபேட்டருக்குப் பதில் நீ இருக்கே. முப்பத்தேழு டிகிரி, கரண்ட் பில்லும் கிடையாது.

லிபி: சிரிக்காத. நீ சிரிச்சா எனக்கும் வரும், ட்யூப் ஆடும்... என் இழை ட்யூபை எவன் ஐஸ்ல வச்சான்னு மட்டும் தெரியட்டும். 'ஐஸில் வைக்காதே'ன்னு டப்பா மேல எழுதி ஒட்டியிருக்கேன். மலையாளம், இங்கிலீஷ், தமிழ், மூணுலயும்.

மாளவிகா: என்னை எந்தாடீ பார்க்கறே? நான் இல்லை.

லிபி: காலைல வந்து பார்த்தா ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கு, சந்தை மீன் மாதிரி.

மாளவிகா: விடு. இன்னைக்கு வர்ற ஸ்காலர்ஷிப் கமிட்டி கிட்ட சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்லிப் பாரு. நான்தான் கமிட்டித் தலைவர் விஜயலக்ஷ்மி மேடம். "ம்ம்... குழந்தே, ஐஸ்ல வச்சா என்ன ஆகும்?"

லிபி: இழை உதிர்ந்துரும் மேடம். ஒவ்வொரு இழையும் குட்டிக் குட்டிப் புரதம் கோத்த ஒரு குழாய். குளிர் பட்டா கோப்பு விட்டுரும். உடம்புச் சூடு கிடைச்சா மறுபடி தானே கோத்துக்கும்.

மாளவிகா: "அது எப்படி நகருது?"

லிபி: கண்ணாடி மேல மோட்டார் புரதத்தைத் தலைகீழா ஒட்டி வச்சிருக்கோம். அதுக்கு ரெண்டு கால். எரிபொருள் ஊத்தினா காலை மாத்தி மாத்தி உதைச்சு, மேல கிடக்கிற இழையைத் தள்ளிவிடும். முதல்ல ஆளாளுக்கு ஒரு திசை. கூட்டம் நெருக்கமாச்சுன்னா ஒண்ணை ஒண்ணு முட்டி, பக்கத்தில போறதோட சேர்ந்து திரும்பி... கடைசில எல்லாம் ஒரே ஓட்டமாப் போகும். சுழி கூடப் போடும்.

மாளவிகா: "கழக்கூட்டம் ஜங்ஷன் மாதிரியா?"

லிபி: அங்க போலீஸ் நின்னும் நடக்கிறதில்லை மேடம். இங்க கங்காணியே கிடையாது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில எங்கம்மா கொழுந்து எடுக்கிற நிரைக்கு ஒரு கங்காணி, அவருக்கு மேல ஒரு சூப்பர்வைசர், அவருக்கு மேல தொப்பி போட்ட ஒரு துரை. இந்த இழைக்கு ஒருத்தனும் வேண்டாம். வரிசை தானா வருது.

மாளவிகா: அந்தத் தொப்பியை மேடம் கிட்ட சொல்லாதே. தன்னைத்தான் சொல்றேன்னு நம்ம கைடு சார் முகம் கறுத்துடும்.

லிபி: கறுக்கட்டும்.

மாளவிகா: "சரி குழந்தே, இதனால என்ன பிரயோஜனம்?"

லிபி: உங்க முதுகெலும்பிலேர்ந்து கால் விரல் வரைக்கும் நரம்புக்குள்ள சரக்கு போறது இந்த இழை மேலதான். அது நின்னா நீங்க நிப்பீங்க. இன்னைக்கு இது ஓடலேன்னா என் ஸ்காலர்ஷிப் நிக்கும். ஆறாவது வருஷம் கிடையாது, மூட்டையைக் கட்டுன்னு சொல்லத்தானே வரீங்க?

மாளவிகா: கடைசி வரியை விட்டுடு. ச்சூ... சேஷன் சார் வரார்.

சேஷன்: லிபி, கேட்டியோ, கமிட்டி கார் கேட்டைத் தாண்டியாச்சு. இழை ரெடியா?

லிபி: ஆயிட்டிருக்கு சார்.

சேஷன்: ட்யூப் எங்கே?

லிபி: பத்திரமா இருக்கு சார்.

சேஷன்: மேசை மேல வச்சுட்டு ஒரு காப்பி குடிச்சுட்டு வா. நான் பார்த்துக்கறேன்.

லிபி: காப்பி வேண்டாம் சார்.

சேஷன்: முகமாவது அலம்பிண்டு வாயேன்.

லிபி: அலம்பியாச்சு சார்.

சேஷன்: கை ஏன் அப்படி ஒட்டிண்டிருக்கு?

லிபி: சுளுக்கு சார்.

சேஷன்: எனக்கும் தோள் பிடிச்சுண்டிருக்கு. ஏசி காத்து.

மாளவிகா: கரண்டே இல்லையே சார்?

சேஷன்: நேத்து ஏசி.

லிபி: சார், என் இழையை யாரோ ஐஸ்ல வச்சுட்டாங்க.

சேஷன்: யாரோன்னா? நீயே மறந்து வச்சிருப்பே. புரதம்னா ஐஸ், எல்லாருக்கும் கைப்பழக்கம்தானே.

லிபி: எங்க தோட்டத்து லயத்து வீட்ல ஃப்ரிட்ஜே கிடையாது சார். ஐஸ்ல வைக்கிற பழக்கம் எனக்கு எங்கேயிருந்து வரும்?

சேஷன்: இப்போ விசாரணைக்கு நேரமில்லை. கமிட்டி கேட்டா உன் கவனக்குறைவுன்னுதான் நான் சொல்ல முடியும்.

லிபி: சொல்லுவீங்க சார். தெரியும்.

மாளவிகா: சார்... பொன்னாடை. மேடத்துக்கு நீங்கதானே போர்த்தணும்?

சேஷன்: நீ போர்த்து.

மாளவிகா: போன தடவை நான் மடிப்பைத் தொட்டதுக்கே திட்டினீங்களே?

சேஷன்: சின்னவா போர்த்தினாத்தான் அழகு. பூச்செண்டை இப்படிக் கொடு.

மாளவிகா: இடது கையால வாங்கறீங்க சார்.

சேஷன்: பூவுக்கு எந்தக் கைன்னா என்ன?

லிபி: போன வாரம் நான் இடது கையால சாவி நீட்டினதுக்கு உங்க கரமனை அக்ரகாரத் தெரு ஆசாரம் பூராவும் கேட்டேன் சார்.

சேஷன்: வாயைக் குறை. இழையை ஸ்லைடில போடு.

லிபி: நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க... ஆச்சு. மாளவிகா, ஸ்லைடைப் பிடி. இந்தா, எரிபொருளும் ஊத்தியாச்சு.

மாளவிகா: ஸ்க்ரீன்ல ஒண்ணையும் காணோமே.

லிபி: ஃபோகஸைத் திருப்பு.

மாளவிகா: திருப்பிட்டேன்டீ. அமாவாசை.

லிபி: ஒளிர்ற சாயம் ஏத்தின புரதம், உதிரியா இருந்தாலும் மங்கலா ஒரு வெளிச்சம் தெரியணுமே. இதுல ஒண்ணுமே இல்லை... எப்படி?

மாளவிகா: படிக்கட்டில செருப்புச் சத்தம்.

லிபி: சரி. நானே போய்ச் சொல்றேன். இழை கெட்டுப்போச்சு, என்னால காட்ட முடியாதுன்னு. நாளைக்குப் போனக்காடு பஸ் ஏறிடறேன். ஆனா ஐஸ்ல வச்சது யாருன்னு மேடம் முன்னாடி கேட்டுட்டுத்தான் ஏறுவேன்.

சேஷன்: பொறு... பொறு. மாளவிகா, நீ பொன்னாடையை எடுத்துண்டு வெளியே போ. வாசல்லயே போர்த்து. நிதானமா. போறப்போ கதவைச் சாத்து.

மாளவிகா: எவ்வளவு நிதானமா சார்?

சேஷன்: ஒவ்வொரு மடிப்பா. போ... லிபி, நீ அந்தச் சுவரைப் பார்த்துண்டு நில்லு.

லிபி: எதுக்கு சார்?

சேஷன்: சட்டை பட்டனை அவிழ்க்கணும்... நீ ஊத்தினது வெறும் உப்புத் தண்ணி. நேத்து சாயங்காலம் மேசையை ஒதுக்கறச்சே பழக்கதோஷத்தில நான்தான் ஐஸ்ல வச்சேன். காலம்பர ஞாபகம் வந்து ஓடி வந்து எடுக்கறேன், நீ வர சத்தம் கேக்கறது. வேற ட்யூபை உன் டப்பாவில போட்டுட்டு, உன்னோடதை இங்கே கக்கத்தில சொருகிண்டேன். நீ கீழே வச்சா மாத்திடலாம்னு பார்த்தா, நீயும் என்னை மாதிரியே இறுக்கிண்டு நிக்கறே... இந்தா, சூடு ஆறதுக்குள்ள பிடி. இடது கையால தரேன்னு நினைக்காதே, வலது மரத்துப் போச்சு.