குடையையும் கொக்கியையும் கணக்காக்கிய டீச்சருக்கு

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லை. பெயர் போட மட்டும் இடம் விட்ட பாராட்டு மடலை அச்சுக்கடையில் வாங்கி, சட்டம் போட்டு நீட்டிவிடுகிறார்கள். நேற்று உங்கள் பிரிவு விழாவுக்கு அப்படியொன்று வந்ததும் நம் பள்ளி வாசல் காவலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடுங்க, நானே எழுதித் தரேன்" என்று உட்கார்ந்துவிட்டார். பிழை இருக்கும், பொய் இருக்காது.

மழலை மனமறிந்த மாண்பே! காலத்தையே கணக்காக்கிய கனிவே! முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காத முதன்மையே! வணக்கம்.

மழைக்காலத்தில் நனைந்த குடைகளை ஆளுக்கொன்றாய்ச் சேர்க்கச் சொன்னீர்கள். இலையுதிர்காலத்தில் சருகுகளை ஐந்தைந்தாய்க் குவிக்கச் சொன்னீர்கள். நம் மலையூர்க் குளிர்காலத்தில் கோட்டு மாட்டும் கொக்கிகளில் எத்தனை காலி என்று பார்த்து, வராதவர் எத்தனை பேர் என்று சொல்ல வைத்தீர்கள். காவலருக்கு இதெல்லாம் பொழுதை ஓட்டுவதாகவே பட்டது. "ஃபீஸ் கட்டி அனுப்புறது சருகு பொறுக்கவா?" என்று வாசலில் நின்று பெற்றோரையே தூண்டிவிட்டார்.

இந்த ஆண்டு அவருடைய மகளின் மகள், வாயாடி, உங்கள் மழலையர் வகுப்புக்கு வந்தாள். நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். நீங்கள், "மூணு குடை எடுத்துட்டு வா, கண்ணு" என்றீர்கள். அள்ள முடிந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"நூறு வரைக்கும் சொல்றாளே டீச்சர், இன்னும் என்ன வேணும்?" என்றார் காவலர்.

"பாட்டு மாதிரி சொல்றா ஐயா. மூணுன்னா எவ்வளவுன்னு கைக்குத் தெரியல."

அன்றிலிருந்து காவலருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளை முதல் வகுப்புக்கு ஏற்றுவதா, இன்னோர் ஆண்டு இங்கேயே உட்கார வைப்பதா என்று அடுத்த வாரம் சோதித்துச் சொல்ல வேண்டும். நீங்களோ இன்றே விடைபெறுகிறீர்கள். சோதிக்கப் போகும் புது டீச்சர் அவள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இன்று காலை வாயாடி கொக்கிகளை ஒரு பார்வை பார்த்தாள். விரலை மடக்காமலே, "ரெண்டு பேர் வரல டீச்சர்" என்றாள். சரியாக இருந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம், காவலரைத் தவிர.

"குருட்டாம்போக்குல சொல்லியிருப்பா."

"அப்ப நாளைக்கும் கேட்டுப் பாருங்க."

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்களே!"

"நீங்க இருப்பீங்கல்ல, ஐயா?"



பொறுமையின் பொக்கிஷமே! நோய்நொடி அண்டாமல், நிம்மதி குறையாமல், நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். வாசலில் நின்று நாங்கள் கேட்டால், சந்தேகம் தீர்க்க வர வேண்டும்.

மடலைத் தந்ததும் காவலர் கைதட்டலுக்கு நிற்கமாட்டார். வாசலுக்கு நடந்துவிடுவார். ஒரு நாள் சரியாகச் சொன்னதை அவர் நம்பவில்லை. நாளைக் காலை, கடைசிக் கோட்டும் மாட்டியான பிறகு, அவரே போய் வாயாடியிடம் கேட்பார். அப்போதும் நம்புவாரா என்பது சந்தேகம்தான்.

இப்படிக்கு,
உடன் உழைத்தோர் அனைவரும். எழுதியது வாசல் காவலர்