மூன்று சுற்றுப் பாசம்

அடுத்த நிறுத்தம் ஆவடிதான். மின்சார ரயிலோ அண்ணனூரை விட்டு நகரவில்லை. எதிரே கல்யாண வீடியோ கேமராவை மடியில் கட்டிப்பிடித்திருந்த இளைஞன் நண்பனிடம் சொன்னான்:

“எங்கம்மாவ மூணு தபா சுத்துனேன் மாமே. திட்டிச்சு.”

“இன்னாத்துக்குச் சுத்துன?”

“நம்ம ஷார்ட் ஃபிலிமுக்குத்தான். அம்மா நடுவுல உக்காந்துகினு கீது. கேமரா மெதுவா சுத்துனாத்தான் புள்ளையோட பாசம் தெரியும்.”

“அதுக்கு ஏன் திட்டிச்சு?”

“‘பொணத்தச் சுத்துற மாதிரி சுத்துறியே, ஒரு நாளாவது தண்ணி லாரிக்குக் கொடத்தத் தூக்கினு போயிருக்கியாடா?’ன்னு கேட்டுச்சு.”

“நியாயந்தான? போனியா?”

“போவாம? அது ரெண்டு கொடத்தோட ஊட்டுக்கு நடக்குது. நான் கேமராவோட பின்னாலயே நடக்குறேன். அப்டியே கண்ணு கலங்கிடுச்சு மாமே.”

“அம்மாவுக்கா?”

“எனக்குத்தான்.”