அக்ராஃபெனா விட்டுச்சென்ற வெற்று வரிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்த் தலைவர் அவர்களே, பள்ளி ஆசிரியர்களே, மான் மந்தையை விட்டுவிட்டு இந்தப் பனியில் வந்திருக்கும் உறவுகளே!

சைபீரியக் காட்டில் மான் மேய்க்கும் நம் ஏவெங்கி இனத்தின் எழுத்துக்குப் பெருமகள் அக்ராஃபெனா கொம்பகிர் அம்மையார் இன்று நம்மிடையே இல்லை. இருபது ஆண்டுகள் இந்த நூலகத்தில் அவரோடு வேலை பார்த்தவன் வாயாலேயே இதைச் சொல்ல நேர்ந்ததே!

நம் மொழி எழுத்துக்கு வந்து நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. லெனின்கிராடுக்குப் படிக்கப் போன வேட்டைக்காரர் பிள்ளைகள்தாம் முதல் கவிதைகளை எழுதினார்கள். அதற்குமுன் நமக்கு இலக்கியம் இல்லையா? யார் சொன்னது! ஒருவர் வீரகாவியம் பாட, கூடாரமே வரிக்கு வரி திருப்பிப் பாடிய இனம் இது.

அந்தக் காவியத்தை நம் முதிய பாடகர் ஒருவர் பாட, ஒலிநாடாவில் பதிந்து, கேட்டு அம்மையார் எழுதினார். நகரத்துப் பதிப்பாசிரியர், "ஒரே வரி எதுக்கு ரெண்டு தடவை?" என்று நாம் திருப்பிப் பாடும் வரிகளை அடித்துவிட்டார். அம்மையாரும் சம்மதித்தார். ஆம், தவறுதான். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அச்சுக்குப் போகுமுன் மேய்ச்சல் முகாமில் வாசித்துக் காட்டினார். மான் மேய்க்கும் நம் புரொகோப்பி அண்ணன் பாதியிலேயே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏக்கா, உன் வீரன் ஏன் அநாதையாட்டம் தனியாப் பாடுறான்? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

"பக்கம் கூடிப்போச்சாம்டா."

"அப்போ அவங்களுக்கே படிச்சுக் காட்டு. எனக்கு மான் தேடப் போகணும்."

எழுந்தே போய்விட்டார்! எனக்குக் கோபம் வந்தது. அம்மையாரோ அந்த வாரமே கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஏழு ஆண்டுகள் எந்தப் பதிப்பகமும் அதைத் தொடவில்லை. சோர்ந்தாரா? இல்லை. இறங்கிப் போனாரா? இல்லவே இல்லை! கடைசியில் முழு வரிகளோடு இரண்டு தொகுதிகள் வந்தன.

மூன்றாவது தொகுதி என் மேசையில் இருக்கிறது. அதன் இறுதிப் பகுதியை அந்த முதிய பாடகர் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி பாடினார். திருப்பிப் பாட அங்கே ஆளில்லை. அதனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே அம்மையார் ஒரு வெற்று வரி விட்டிருக்கிறார். அந்த இடங்களை எடுத்துவிட்டால் வசந்தத்திலேயே அச்சிடுவதாகப் பதிப்பகம் எழுதியிருக்கிறது.

எடுத்துவிடலாமா? என் உயிர் உள்ளவரை மாட்டேன்!

இதோ, ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிவிட்டேன். மௌன அஞ்சலி வேண்டாம். அந்த இறுதிப் பகுதியின் முதல் வரியை நான் பாடுகிறேன். புரொகோப்பி அண்ணே, தலையை நிமிர்த்துங்கள். அடுத்தது உங்கள் வரி.