மாவுக்கட்டு காயற வரைக்கும்

...இல்ல, நான் கேக்கறேன், முப்பத்தோரு வருஷமா மனுஷங்க மூஞ்சியில மேக்கப் போட்டுப் பொழைக்கறவகிட்ட வந்து வலது எது இடது எதுன்னு பாடம் எடுத்தா, இது அடுக்குமா ஹாஜியாரே? அசையாதீங்க! தலைய ஆட்டாதீங்கன்னு இப்பதான சொன்னேன்? கட்டு நெத்தியில விரிசல் விட்டுடும். ஆமாங்கறதுக்கும் ஆட்டக்கூடாது, இல்லைங்கறதுக்கும் ஆட்டக்கூடாது. சும்மா கேட்டா போதும். இருவது நிமிஷம்தான். மூக்கு ரெண்டு ஓட்டையும் தொறந்துதான் இருக்கு, அதுல நல்லா மூச்சு விடுங்க. வாய்க்கு இன்னிக்கு லீவு.

என்னமோ தெரியல, இந்தக் கெய்ரோவுல எத்தனையோ தயாரிப்பாளருங்க இருக்காங்க. எடுக்கற ஒவ்வொரு படத்துலயும் தானே ஒரு பொணமா வந்து படுத்தாதான் படம் ஓடும்னு அடம்புடிக்கறது நம்ம ஹாஜியார் பையூமி ஒருத்தர்தான். தப்புன்னு சொல்லல! ஓடுதே! மொதல் பாகத்துல கெணத்துல மெதக்கற பாஷா பிரபுவா வந்தீங்க. பன்னெண்டு டேக்கு. ஒரு தடவ தும்மல், ஒரு தடவ சிரிப்பு, ஒரு தடவ நெஜமாவே தூங்கிப் போயி கொறட்ட. கெணத்துலேர்ந்து தூக்கிப் போட்டதும் பாஷாவோட பொண்டாட்டியா நடிச்ச அம்மா உங்க மேல விழுந்து அழுவுறாங்க, உங்க தொப்ப அவங்கள ஏத்தி ஏத்தி எறக்குது. அதனாலதான் இந்த ரெண்டாம் பாகத்துக்கு உங்க மூஞ்சிய அச்செடுத்து பொம்ம செஞ்சுடலாம்னு முடிவாச்சு. பொம்ம தும்மாது பாருங்க.

ம்ம்-ங்கறீங்களா? சூடா இருக்கா? கட்டு இறுகும்போது சூடு வரும், அது அப்படித்தான். பயப்படாதீங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், வலது இடது. மொதல் பாகம் 'அஞ்சாம் மாடி ஜின்' அந்த ஓட்டம் ஓடிச்சே, கதைக்காகவா ஓடிச்சு? கதைய விடுங்க. ஷுப்ராவுல ஒரு வாடகை வீடு, அதுக்குள்ள ஒரு ஜின் பூதம், வீட்டுக்காரனவிட ஜின் நல்லவன். இத எங்க பக்கத்து வீட்டுக்காரியே சொல்லுவா. படம் ஓடினது அந்த ஜின்னோட மூஞ்சிக்காக ஹாஜியாரே! இந்தக் கையால செஞ்ச மூஞ்சி. கன்னத்துல அந்தத் தீக்காயத் தழும்பு, காதுலேர்ந்து வாய் ஓரம் வரைக்கும். அந்தப் பெருநாளைக்குத் தெருப் புள்ளைங்க எல்லாம் கன்னத்துல தழும்ப வரைஞ்சுக்கிட்டு ஓடிச்சுங்க. எங்கக்கா பேரன் அவங்கம்மா லிப்ஸ்டிக்க காலி பண்ணி அடி வாங்கினான்.

அந்தத் தழும்புதான் இப்ப நம்ம தலையில ஏறி உக்காந்திருக்கு. மொதல் பாகத்துல இடது கன்னம், ரெண்டாம் பாகத்துல வலது கன்னம். எடிட்டர் பழைய படத்துலேர்ந்து ஒரு காட்சிய எடுத்துப் புதுசோட ஒட்டிப் பாத்திருக்காரு, தழும்பு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தாவுது! பதினோரு நாள் எடுத்தது அத்தனையும் மறுபடி எடுக்கணும். பெருநாள் ரிலீசுக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு, நடுவுல நோன்பு வேற. நீங்க கத்தின கத்தல் ஹரம் ரோட்டுல நின்னவனுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அதுக்கு நம்ம டைரக்டர் உஸ்தாத் ஹுஸாம் சொன்ன யோசனையப் பாத்தீங்களா? "ஜின்னுதான, தழும்பு எடம் மாறாதா? ஒரு வசனம் வச்சுடலாம்"ங்கறாரு! ஐய, நல்லா இருக்கே! இம்பாபா தியேட்டர்ல உக்காந்திருக்கறவன் சும்மா விடுவானா? ஜின் செவுத்துக்குள்ள நுழைஞ்சு வரும்னா நம்புவான். ஜின் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்னா நம்புவான். ஆனா தழும்பு எடம் மாறிச்சுன்னா சூரியகாந்தி வெதைய கொறிச்சுத் தெரையிலயே துப்புவான். நீங்க முடியாதுன்னது ரொம்ப சரி.

அப்பறம் நம்ம கதாநாயகன் வஜ்தி. ஜின்னா நடிக்கறது அவன், மூஞ்சி அவனோடது. தன் மூஞ்சியில எந்தப் பக்கம் தழும்புன்னு தனக்குத் தெரியாதா? தெரியாது! ஏன் தெரியாது? நாற்காலியில உக்காந்த உடனே கண்ண மூடிக்கிட்டு குரான் ஓத ஆரம்பிச்சுடுவான். ஜின் வேஷத்தோட கண்ணாடியில தன்னப் பாத்தா அது உள்ள எறங்கிடுமாம். ஆறடி ஒசரம், மீசைய முறுக்கிக்கிட்டுப் பேட்டி குடுப்பான், கண்ணாடியப் பாக்க பயம். நான் அவன் மூக்குல பச்ச பூசி அனுப்பினாலும் அவனுக்குத் தெரியாது.

இதுல கண்ணேறும் இருக்கு, மறுக்காதீங்க. படம் ஆரம்பிச்ச அன்னிக்கு, அதான், மொத நாள் கன்னுக்குட்டி அறுத்து, கண்ணு படக்கூடாதுன்னு எல்லாரும் ரத்தத்துல கைய முக்கி வண்டி மேல வச்சோமே, அன்னிக்கு நம்ம கேமராமேன் மட்டும் புதுச்சட்ட அழுக்காயிடும்னு ஒரு வெரல வச்சான். ஒரு வெரல்! நான் பாத்தேன்.

ம்ம்-ங்காதீங்க ஹாஜியாரே, கன்னம் அசையுது. உங்களுக்குக் கோவம், தெரியுது. கைய ஏன் இப்படிச் சுத்தறீங்க? மணியா? இன்னும் நேரம் இருக்கு. நான் பாத்துக்கறேன்.

அந்த நஹ்லாவ... ம்... கன்டினியூட்டி பாக்கற பொண்ணு. முந்தாநாள் நீங்க வீட்டுக்கு அனுப்பின பொண்ணு. எந்தச் சட்டைக்கு எத்தன பட்டன், எந்தக் கிளாஸ்ல எவ்வளவு டீ, இதெல்லாம் குறிச்சு வச்சுக்கறது அவ வேல. தழும்பு எந்தப் பக்கம்னு பாக்கறதும் அவ வேலதான? அதனால தப்பு அவளோடது, போ வீட்டுக்கு! நீங்க சொன்னது நியாயந்தான். நான் ஒண்ணும் அவளுக்குப் பரிஞ்சு பேசல. எனக்கு அவளப் புடிக்கவே புடிக்காது. எப்பப் பாரு கலர் கலரா பென்சில், எப்பப் பாரு "மேடம் ஸவ்ஸன், ஒரு நிமிஷம்", "மேடம் ஸவ்ஸன், அந்தப் புருவம் நேத்து இன்னும் கொஞ்சம் கீழ இருந்துச்சே". எனக்குப் புருவம் சொல்லித் தர்றா! காலையில எனக்கும் சேத்து மொச்ச மசிச்ச ஃபூல் ரொட்டி வாங்கிட்டு வருவா, வெங்காயம் வேணாம்னு சொல்லி, ஏன்னா எனக்கு நெஞ்சு எரியும். நான் அதக் கேட்டேனா? கேக்கல. அவளே ஞாபகம் வச்சிருந்தா. எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருப்பா, சனியன்.

எல்லாத்தையும்.

அவ கேட்டா ஹாஜியாரே. அதையும் சொல்லித்தான ஆகணும். மொத நாளே கேட்டா. வஜ்தி கண்ண மூடி ஓதிட்டிருக்கான், நான் தழும்ப ஒட்டிட்டிருக்கேன். இவ வந்து மெதுவா, "மேடம், போன படத்துல இது இடது பக்கம் இல்ல?"ன்னா. நான் பாட்டுக்கு ஒட்டிட்டிருந்தேன். "ஒரு தடவ படத்தப் போட்டுப் பாத்துடலாமா மேடம், என் ஃபோன்லயே இருக்கு"ன்னா. அவ்வளவுதான். எனக்கு எங்கேர்ந்து வந்துச்சோ அந்தக் கோவம்! லைட்டு போடறவங்க, டீ கொண்டு வந்தவரு, அத்தன பேரு முன்னாடியும் கத்தினேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கை மூஞ்சி செஞ்சிருக்கு! இந்த ஜின்ன பெத்தவ நான்! என் புள்ளைக்கு எந்தக் கன்னத்துல தழும்புன்னு தெரிஞ்சுக்க நான் ஃபோனப் பாக்கணுமா? ஓடு!" அப்படின்னேன். அவ மூஞ்சி செவந்து போச்சு. பென்சில எடுத்தா, ஏதோ எழுதினா, போயிட்டா.

அசையாதீங்க. இன்னும் முடியல. கேளுங்க.

நான் சும்மா சொல்லல, ஆதாரம் வச்சிருந்தேன். படம் முடியற அன்னிக்கு மேக்கப் ரூமுல கண்ணாடி முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துக்கறது நம்ம வழக்கமாச்சே? பல்பு சுத்தி எரிய, வேஷத்தோட நடிகர் உக்காந்திருக்க, பின்னாடி நான், கையில ஃபோன். எல்லாப் படத்துக்கும் எடுத்திருக்கேன். மொதல் பாகத்துலயும் எடுத்தோம். வஜ்தி அதுலயும் கண்ண மூடிட்டுதான் இருக்கான். அத ஃபிரேம் போட்டு வரவேற்பறையில மாட்டியிருக்கேன், வர்றவங்க எல்லாம் பாப்பாங்க. ரெண்டாம் பாகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதத்தான் பாத்தேன். தழும்பு வலது பக்கம். கண்ணால பாத்தேன் ஹாஜியாரே! நான் என்ன கனவா கண்டேன்?

எடிட்டர் விஷயத்தச் சொன்ன அன்னிக்கு வீட்டுக்குப் போனேன். செருப்பக்கூட கழட்டல, நேரா அந்தப் படத்துக்கிட்ட போயி நின்னேன். எடிட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு திட்டிக்கிட்டேதான் நின்னேன். அப்பறம் பாத்தா... படத்துல என் கடிகாரம் வலது கையில இருக்கு. நான் என்னிக்கு வலது கையில கட்டினேன்? கல்யாணத்துக்கு வாங்கினதுலேர்ந்து இடது கைதான். படத்துல எனக்குப் பின்னாடி செவுத்துல மாட்டியிருக்கற பிஸ்மில்லா பலகையப் பாத்தா, எழுத்து பூரா திரும்பி இருக்கு. ரெண்டு வருஷமா தெனமும் அந்தப் படத்தத் தொடச்சு வைக்கறேன், ஒரு நாளும் அந்த எழுத்தப் படிக்கல. என் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்.

கண்ணாடியப் பாத்து எடுத்த படம். கண்ணாடியில இடது வலதாத்தான தெரியும்? சின்னப் புள்ளைக்கும் தெரியும். முப்பத்தோரு வருஷம் கண்ணாடி முன்னாடியே நின்னவளுக்குத் தெரியல.

தப்பு என்னோடது ஹாஜியாரே. நஹ்லாவோடது இல்ல, வஜ்தியோடது இல்ல, கேமராமேன் வெரலும் இல்ல. இந்த ஸவ்ஸனோடது.

ம்ம்-னு கத்தாதீங்க, பொறுங்க! நாற்காலி கையப் புடிச்சுக்குங்க, அந்தா. நான் முழுசாச் சொல்லிடறேன், அப்பறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க.

முந்தாநாள் அவள எல்லார் முன்னாடியும் கூப்புட்டு நிறுத்தி, "யார் சொல்லி வலது பக்கம்னு எழுதின?"ன்னு கேட்டீங்கல்ல? அந்தப் பொண்ணு என் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்தா. ஒரே ஒரு தடவ. ஒரு வார்த்த சொன்னா போதும், "மேடம் சொன்னாங்க"ன்னு. சொல்லல. நான் பவுடர் டப்பாவ மூடறேன், தொறக்கறேன், மூடறேன். என்னமோ அந்த டப்பாவுக்குள்ள உலகமே இருக்கற மாதிரி. "நான் சரியாப் பாத்திருக்கணும் ஹாஜியாரே"ன்னா. பென்சிலெல்லாம் எடுத்துப் பையில போட்டா. ஒண்ணு உருண்டு என் காலுக்கிட்ட வந்துச்சு, அதக்கூட நான் குனிஞ்சு எடுத்துக் குடுக்கல.

நம்ம தொழில் எவ்வளவு சின்னதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஹாஜியார் பையூமி படத்துலேர்ந்து பாதியில தொரத்தின பொண்ணுன்னா இனி எவன் கூப்புடுவான்? அவளுக்கு இது மொதப் படம். அவங்கப்பா மைக்ரோபஸ் ஓட்டறவரு, பெருநாளன்னிக்கு ஸ்டாண்டுல இருக்கற அத்தன டிரைவரையும் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காராம், கடைசியில மக பேரு ஓடறதப் பாக்க. இத அவ என்கிட்ட ரொட்டி தின்னுக்கிட்டே சொன்னது. நான் "பேரெல்லாம் வேகமா ஓடிடும், யாரும் படிக்க மாட்டாங்க"ன்னு சொன்னேன். என் வாயப் பாத்தீங்களா? புண்ணியம் கட்டிக்கற வாய்!

நேத்து உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள நீங்க ஃபோன்ல யாரையோ திட்டிட்டிருந்தீங்க, அப்படியே திரும்பிட்டேன். நீங்க பேச ஆரம்பிச்சா எனக்கு வாய் அடச்சுடும். இது யாருக்கும் தெரியாது, எல்லாரும் ஸவ்ஸனுக்கு வாய் நீளம்பாங்க.

அதனால... கோவிச்சுக்காதீங்க. உண்மையச் சொன்னா, இந்தக் கட்டு காஞ்சு கால் மணி நேரம் ஆச்சு. இதோ தட்டறேன் பாருங்க. டக் டக். கல்லு மாதிரி இருக்கு. நீங்க வாயத் தொறந்தா நான் தொறக்க மாட்டேன்னுதான் கழட்டல. அய்யோ, எந்திரிக்காதீங்க! கண்ணு தெரியாம செவுத்துல முட்டிக்குவீங்க! உக்காருங்க, கழட்டறேன், சத்தியமா கழட்டறேன். ஒரே ஒரு நிமிஷம். மொதல்ல அவளுக்குப் ஃபோன் போடறேன், அப்பறம் கழட்டறேன், நீங்க பேசற மொத வார்த்த அவகிட்டப் பேசுங்க. "திரும்பி வா"ன்னு ரெண்டு வார்த்த. என்னத் திட்டறத அப்பறம் சாவகாசமா திட்டிக்கலாம். என்னை அனுப்பறதுன்னாலும் அனுப்புங்க, பொம்மைய முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்.

மணி அடிக்குது. இருங்க, ஃபோன என் காதுகிட்ட வச்சுக்கிட்டே கழட்டிடறேன். தாடைய கீழ தள்ளுங்க... மூஞ்சியச் சுளிங்க, நல்லாச் சுளிங்க, அப்பத்தான் விடும். காதுப் பக்கம் கொஞ்சம் ஒட்டியிருக்கு... இழுக்காதீங்க, நான் பாத்துக்கறேன்...

ஐயோ, எடுத்துட்டா!

அலோ... நஹ்லாவா? நான்... ஹாஜியார் பேசணும்னாரு, அவருக்கு இப்ப வாய் வரல, கட்டு மாட்டிக்கிச்சு... இல்லம்மா, வச்சுடாத, வச்சுடாத. நாந்தான். மேடம் ஸவ்ஸன். கோவமா இருப்ப, இரு, இருக்க வேண்டியதுதான். நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ கேட்டியே... எல்லார் முன்னாடியும் கத்தினேனே... நீ சொன்னதுதாம்மா சரி. இடது பக்கம்தான். நாந்தான் தப்பா ஒட்டினேன். ஹாஜியார்கிட்ட சொல்லிட்டேன், இப்ப உன்கிட்டயும் சொல்றேன், சாயங்காலம் எல்லாரும் வந்ததும் அவங்க முன்னாடியும் சொல்றேன். வந்துடும்மா. அழாத. அட, நீ அழுதா நானும்... இருங்க ஹாஜியாரே, கைய இழுக்காதீங்க, நான் பேசிட்டிருக்கேன்ல!